டாக்டருக்கு விட்டுவைத்த பாதி வாய்

“சோத்தாங்கைப் பக்கம் அடக்காதன்னு எத்தன தடவ சொல்றது? வாயா அது, வாய்க்காலா?”

“ஏ புள்ள, வாயி என்னோடது. எந்தப் பக்கம் அடக்குனா ஒனக்கென்ன?”

“ஒன்னோடது பீச்சாங்கைப் பக்கந்தான். மத்த பாதி டாக்டரய்யாவோடது. அவுக வந்து பாக்குற வரைக்கும் அதுல ஒனக்குப் பாத்தியத இல்ல. துப்பு மொதல்ல.”

கிளுவை வேலிக்கு வெளியே நின்றிருந்த டாக்டர் அருளப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த நர்ஸ் பக்ருன்னிசா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே யாரோ வெற்றிலையைக் காறித் துப்பும் சத்தமும், செம்புத் தண்ணீரில் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டன.

“பாத்தீங்களா சார், பாதி வாய் உங்க பேருக்குப் பட்டாவே ஆயிடுச்சு” என்றாள் பக்ருன்னிசா.

அருளப்பனுக்கு உள்ளூரப் பெருமைதான். போன வருசம் இதே மாசி மாதம் சாணார்பட்டிக்குக் கிழக்கே இருக்கிற இந்தக் கரட்டூருக்கு முதன்முதலாக வந்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் என்றாலே குறடும் கையுமாக வருகிறவர் என்றுதான் ஊருக்கு நினைப்பு. அதில் தப்பு சொல்லவும் முடியாது. அவர் வேலை பார்த்த டவுன் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை ஆனால் பல் பிடுங்கும் வரிசை வாசல் வரை நிற்கும். ஈறில் ரத்தம் வருகிறது என்றாலும் பிடுங்கு, பல் ஆடுகிறது என்றாலும் பிடுங்கு. முப்பது வயதில் பொக்கை வாயோடு வீட்டுக்குப் போகிற பொம்பளைகளை அவர் வாராவாரம் பார்த்தார். அதில் பாதிப் பல்லைப் பிடுங்கியிருக்கவே வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். பல்லில் கல்லாக ஏறிய காரையைச் சுரண்டி எடுத்து ஈறைக் கவனித்தால் ஆடுகிற பல் பலதும் நிற்கும். மெட்ராசில் படித்தபோது கண்ணால் கண்டது அது.

ஆனால் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் பொன்னுத்துரை ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸ்காரன் காலையும் மாலையும் பல் விளக்குகிறவன், நம் ஜனம் வெற்றிலையும் போயிலையும் அடக்கிக்கொண்டே தூங்குகிற ஜனம், இதுகளிடம் அதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டார். நடக்கும் என்று காட்டினால் வாரத்தில் ஒருநாள் ஈறு வைத்தியத்துக்கென்று ஒதுக்கலாம், ஒரு நாற்காலியும் போடலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார். காட்டுவது எப்படி?

மெட்ராசில் அருளப்பனுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒரு வழி சொன்னார். ஒரு ஆளின் வாயில் பாதியை மட்டும் சுத்தம் பண்ணு, மறுபாதியைத் தொடாதே. அதே ஆள், அதே சாப்பாடு, அதே தண்ணீர், அதே வேப்பங்குச்சி. வருசம் முடிந்து இரண்டு பாதியையும் அளந்து பார். வித்தியாசம் இருந்தால் அது உன் சுத்தத்தால் வந்தது. அதன்பிறகு மறுபாதியையும் எல்லோருக்கும் சுத்தம் பண்ணிவிடு. இதுதான் ஏற்பாடு. கருவிகளையும் கல்லூரியிலிருந்து இரவலாக அனுப்பி வைத்தார்.

கரட்டூர்க்காரர்கள் சம்மதித்ததே பெரிய காரியம். எந்தப் பாதி என்று கேட்டதற்கு ஊரே ஒரே குரலில் சோத்தாங்கைப் பக்கம் என்றது. நல்ல காரியத்தை எவனாவது பீச்சாங்கைப் பக்கம் ஆரம்பிப்பானா என்று கேட்டார்கள். அருளப்பனும் சரி என்று எல்லோருக்கும் வலது பக்கத்தையே எடுத்துக்கொண்டார். ஒருவருக்கு வலது, அடுத்தவருக்கு இடது என்று கலந்து எடுக்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர். எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, வாய் ஒன்றுதானே என்று இவர் விட்டுவிட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வலது பக்கம் மட்டும் பார்த்துக் காரை சுரண்டினார். மற்றபடி எப்பவும் போல இருங்கள் என்று மட்டும் சொன்னார். இன்றைக்கு வருசக் கடைசி அளவு. அடுத்த வாரம் பேராசிரியர் நேரில் வந்து பார்க்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் பொன்னுத்துரை சொன்ன நாற்காலி. போடாவிட்டால் இரவல் கருவிகள் அவரோடேயே ரயில் ஏறிவிடும்.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் பெஞ்சைப் போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் கருவிகளைக் கொதிக்க வைத்தாள் பக்ருன்னிசா. முதலில் வந்து உட்கார்ந்தது பொன்னழகு, வேலிக்குள் சண்டை போட்டவள். வெங்காயத் தோட்டத்தில் விடியக்காலையில் குனிந்து நின்றுவிட்டு வந்தவள் கையில் இன்னும் வெங்காய வாடை. அவள் புருசன் சுருளிவேல் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

அருளப்பன் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தார். வலது பக்கம் ஈறு இளஞ்சிவப்பாக, பல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தது. மெல்லிய கம்பியை ஈறோரம் விட்டுப் பார்த்தால் கொஞ்சம்தான் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அளவைச் சொல்லச் சொல்ல பக்ருன்னிசா எழுதினாள். இடது பக்கம் வந்தார். கம்பி ஆழமாக இறங்கியது. ரத்தம் கசிந்தது. கீழ்க் கடைவாயில் இரண்டு பல் விரலால் தொட்டாலே அசைந்தன.

“வெளுத்து வாங்கிருச்சு சார்” என்றாள் பக்ருன்னிசா, அளவுகளைப் பார்த்து. இவ்வளவு வித்தியாசத்தை அவளும் எதிர்பார்க்கவில்லை.

அருளப்பன் மறுபடி டார்ச் அடித்தார். இடது பக்கம் வெறுமனே அப்படியே இருக்கவில்லை, போன வருசத்தைவிட ரொம்ப மோசமாகியிருந்தது. உள்கன்னத்தில் சுண்ணாம்பு பட்டு வெந்த மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு. முதல்முறை பார்த்தபோது அது இருந்ததாக அவருக்கு நினைவில்லை. பழைய தாளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். இல்லைதான்.

அடுத்து வந்த கிழவர் வாயிலும் அதே இடது கன்னத்தில் திட்டு. அதற்கு அடுத்தவளுக்கும். வலது கன்னம் ஒவ்வொருவருக்கும் பளிச்சென்று இருந்தது. ஒரு ஊரே ஒரே பக்கம் வெந்துபோகுமா? அருளப்பன் கம்பியைக் கீழே வைத்தார். வேலிக்குள் கேட்ட சண்டை அப்போதுதான் அவருக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

“ஏம்மா பொன்னழகு, வெத்தல எந்தப் பக்கம் அடக்குவ?”

“இந்தப் பக்கம்.” இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“முன்னாடியும் அப்படித்தானா?”

“முன்னாடி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுறதுதான். நீங்க வந்து இந்தப் பக்கத்தச் சுத்தம் பண்ணதுலருந்து அதுல போடுறதில்ல. இந்த மனுசந்தான் மறந்து மறந்து போட்டுருவாரு. அதுக்குத்தான் தெனமும் சண்ட.”

“ஏன் போடுறதில்ல? நான் போட வேணாம்னு சொன்னேனா?”

பொன்னழகு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தவர் இதைக் கேட்கிறாரே என்ற பார்வை இல்லை. தன்மேல் ஏதோ சந்தேகப்படுகிறார் என்று பட்டு மனசு கொஞ்சம் நொந்த பார்வை.

“ஒருத்தரு டவுன்லருந்து பஸ்ஸேறி வந்து, குனிஞ்சு நின்னு கூட்டித் தொளிச்சு வச்ச வாசலய்யா இது. அதுல போயி எச்சித் துப்புவாகளா? நாங்க அப்படியாப்பட்ட ஆளுக இல்ல.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஊரே அப்படித்தான் செய்திருக்கிறது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. டாக்டர் வேலை செய்த பக்கம் மரியாதைக்குரிய பக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை எல்லாம் பீச்சாங்கைப் பக்கம். ஒரு பெரியவர், தான் சோறுகூட அந்தப் பக்கம்தான் மெல்லுவது, சுத்தம் பண்ணிய பக்கத்துக்குப் பால் மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

பக்ருன்னிசா சிரிக்க ஆரம்பித்து, டாக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எழுந்து போகும்போது பொன்னழகு ஒன்று கேட்டாள். இடது கடைவாயில் இரண்டு பல்லும் ஆடிக்கொண்டே இருக்கின்றன, சோளச் சோறு கடிக்க முடியவில்லை, இந்தப் பக்கத்தை எப்போது பண்ணுவீர்கள் என்று. அடுத்த வாரம் மெட்ராஸ் டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் என்றார் அருளப்பன். அந்தப் பல் ஆடுவது இவர் ஆராய்ச்சியால்தான். இரண்டு பக்கமும் பங்கு போட்டு விழுந்த சுண்ணாம்பை முழுக்க ஒரு பக்கம் தள்ளிவிட்டது இவர் செய்த சுத்தம்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அளவுத் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். வலது பக்கம் தேறியது சுரண்டியதாலா, வெற்றிலை படாமல் இருந்ததாலா? இடது பக்கம் கெட்டது சுரண்டாததாலா, இரட்டைப் பங்கு வெற்றிலையாலா? ஒரு வருச வேலையில் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பொன்னுத்துரையிடம் போய் நடந்ததைச் சொன்னார். பெரிய டாக்டர் அளவுகளை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருசமாகக் கிண்டல் பண்ணியவர், ஆனால் கெட்ட மனுசர் இல்லை. அந்த எண்களைப் பார்த்து அவருக்கே ஆசை வந்துவிட்டது.

“அருளு, இத யாரு கேக்கப் போறா? உன் பேராசிரியர் வருவாரு, வாயப் பாப்பாரு, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும், கையெழுத்துப் போட்டுட்டு மத்தியான ரயிலுக்குப் போயிருவாரு. நாற்காலி வந்துரும். நாற்காலி வந்தா அம்புட்டுப் பேரு பல்லும் நிக்கும். நீ வெத்தலக் கதைய எடுத்தா கருவியையும் கட்டிக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம் அந்தப் பொம்பளையோட கடவாய்ப் பல்லுக்கு என்கிட்ட இருக்கிற ஒரே வைத்தியம் உனக்குத் தெரியும்.”

தெரியும். குறடு.

அந்த வாரம் முழுக்க அருளப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய டாக்டர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுத்தம் பண்ணினால் ஈறு தேறும் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்த உண்மைக்குத் தப்பான சாட்சி சொன்னால் என்ன? ஆனால் இதைப் பார்த்து நாளைக்கு இன்னொரு ஊரில் ஒருவன் இதே மாதிரி செய்வான். அந்த ஊர் மரியாதை தெரியாத ஊராக இருந்துவிட்டால் இரண்டு பாதிக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. ஈறு வைத்தியமே பொய் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் கையிலிருக்கும் குறட்டை யாரும் கீழே வைக்க மாட்டார்கள். இந்த இடத்துக்கு வந்து வந்து அவர் நினைப்பு நின்றது.

பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனுசர், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். ஊர் மரத்தடியில் காத்திருந்தது. பொன்னழகு பெஞ்சில் உட்கார்ந்தாள். பேராசிரியர் கண்ணாடியை விட்டு வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். புருவம் ஏறியது.

“அருளப்பன், இவ்வளவு தெளிவா ஒரு ரிசல்ட் நான் பார்த்ததே இல்லை.”

கூட வந்திருந்த பொன்னுத்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு அருளப்பனைப் பார்த்தார். பொன்னழகு நாக்கால் அந்த ஆடுகிற பல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அருளப்பனுக்கு அது கண்ணில் பட்டது.

“அது ரிசல்ட் இல்ல சார். அது மரியாத” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சோத்தாங்கைப் பக்கமே எல்லோருக்கும் எடுத்ததைச் சொன்னார். வெற்றிலை எந்தப் பக்கம் என்று வருசம் முழுக்கக் கேட்காமல் விட்டதையும் சொன்னார். பேராசிரியர் நம்பாமல் பொன்னழகிடமே கேட்டார். அவள் கூட்டித் தெளித்த வாசலைப் பற்றி மறுபடி சொன்னாள், இந்தமுறை கொஞ்சம் பயத்தோடு. தங்களால் டாக்டருக்கு ஏதோ கெடுதல் வந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

“நாங்க தெரியாமப் பண்ணிட்டோம்யா. அவுகள ஒண்ணும் சொல்லாதீக” என்றாள்.

பேராசிரியர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தோல்பைக்குள் வைத்து மூடினார். பொன்னுத்துரை பெருமூச்சு விட்டார்.

“இதுல கையெழுத்துப் போட முடியாது. இது ஒண்ணையும் நிரூபிக்கலை” என்றார் பேராசிரியர். அப்புறம் சட்டைக் கையை மடித்தார். “ஆனா இந்த அம்மாவுக்கு மறுபக்கம் பண்ணித் தரேன்னு சொல்லியிருக்கே. அதை முதல்ல செய். நான் விளக்குப் பிடிக்கிறேன்.”

அருளப்பன் காரை சுரண்டும் கொக்கியை எடுத்தார். இடது பக்கம் காரை கருங்கல் மாதிரி ஏறிக் கிடந்தது. நேரம் பிடித்தது. ரத்தம் வந்தது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், மறுபடி வாயைத் திறந்தாள். மெட்ராஸ் பேராசிரியர் வியர்வையோடு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றதைக் கரட்டூர் வாயடைத்துப் பார்த்தது. சுருளிவேல் ஓலை விசிறியால் மூவருக்கும் சேர்த்து வீசினான்.

முடிந்தது. பொன்னழகு எழுந்து ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். ரத்தம் நின்றதும் வழக்கம்போல இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். வெற்றிலையைத் துடைத்தாள், சுண்ணாம்பு தடவினாள், பாக்கு வைத்து மடித்தாள். வாய்ப்பக்கம் கொண்டுபோன கை நின்றுவிட்டது. வலது கன்னத்தை நாக்கால் தடவினாள். இடது கன்னத்தைத் தடவினாள். மடித்த வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள்.

“என்னய்யா இது. ரெண்டு பக்கமும் கூட்டி வச்சுட்டாக. இத எங்குட்டுப் போட்டு அடக்குறது?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பொன்னழகு வெற்றிலையை மடித்தபடியே சுருக்குப்பையில் திருப்பி வைத்தாள்.

பேராசிரியர் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அருளப்பன் பக்கம் திரும்பினார்.

“நாம போயிலையை விடச் சொல்லி எத்தனை ஊர்ல கத்தியிருக்கோம்? ஒருத்தர் விட்டதுண்டா? இங்க நீ ஒண்ணுமே சொல்லலை. கருவியை வெச்சுக்கோ. இன்னும் ஒரு வருஷம். எல்லாருக்கும் முழு வாயும் சுத்தம் பண்ணு. யார் மெல்றதை விட்டாங்க, யார் விடலைன்னு எழுது. ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார். இந்தத் தடவை கேள்வி கேட்டு எழுது.”

பொன்னுத்துரை ஜீப்பில் ஏறும்போது, நாற்காலி இப்போதைக்குக் கிடையாது, ஆனால் சனிக்கிழமை வரிசையில் ஈறு கேசை உன்னிடம் தள்ளிவிடுகிறேன், மர ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள் என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய வார்த்தை.

ஊர் முழுக்க அப்படியே மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சுருளிவேல் பத்து நாளுக்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். இரண்டு பக்கமும் டாக்டருடையது என்றால் முன்பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் இருப்பது தன்னுடையது என்று அங்கே அடக்கிக்கொண்டான். பொன்னழகு விளக்கமாற்றை எடுத்துக்கொண்டு துரத்தினாள் என்று பக்ருன்னிசா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கிழவர்கள் சிலர் காலையில் டாக்டருக்கு, ராத்திரி எனக்கு என்று நேரத்தைப் பங்கு போட்டார்கள். ஆனால் பொம்பளைகளில் பாதிக்கு மேல் விட்டார்கள். விட்டவர்கள், விடாதவர்கள் என்று தன்னாலேயே இரண்டு கூட்டம் பிரிந்தது. எல்லோருக்கும் காரை ஒரே மாதிரி சுரண்டியிருந்தது. மெல்லாதவர்களுக்கு ஈறு நன்றாகவே இறுகியது. மென்றவர்களுக்கும் கொஞ்சம் இறுகியது. மெதுவாக என்றாலும் சுத்தமும் வேலை செய்கிறது, வெற்றிலையை விடுவதும் வேலை செய்கிறது என்று அடுத்த மாசியில் அருளப்பனால் நிமிர்ந்து நின்று சொல்ல முடிந்தது. உள்கன்னத்துத் திட்டு மெல்லாதவர்கள் பலருக்கு மங்கிப் போயிருந்தது.

பேராசிரியர் அந்தத் தாளை மறுபடி தோல்பையிலிருந்து எடுத்தார். பழைய தாள்தான், தேதியை மட்டும் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பொன்னழகுக்கு இடது கடைவாயில் ஆடிய இரண்டு பல்லில் ஒன்று நிற்கவில்லை. அதை அருளப்பனே எடுத்தார். மற்றது நின்றுவிட்டது. டவுனில் ஈறு வைத்தியத்துக்குப் போட்ட புது நாற்காலியில் முதல் சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். உட்காருவதற்கு முன் காலைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டாள். அருளப்பன் வாயைத் திறக்கச் சொன்னார். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார், இப்போதெல்லாம் எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வி.

“எந்தப் பக்கம் மெல்லுற?”

“ரெண்டு பக்கமும்யா. சோளச் சோறு” என்றாள்.

கதை இவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வெற்றிலை, போயிலை அடக்குகிறவர்கள் இருந்தால், எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்கள், ஏன் அந்தப் பக்கம் என்று ஒருதரம் கேளுங்கள். டார்ச் அடித்து அந்தக் கன்னத்தைப் பாருங்கள், வெள்ளைத் திட்டு இருந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது விட்டிருந்தால், எதற்காக விட்டார்கள், என்ன சொன்னதால் விட்டார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். ஒரு வரி என்றாலும் போதும், கட்டாயம் பதில் போடுங்கள்.